கமலவேணி கழுவாத தொட்டி

பிள்ளையார்பாளையத்தில் கமலவேணியின் வீட்டுக்குள் நுழைகிறவர்கள், செருப்பை வெளியே விட்ட பிறகும் படியில் நின்று ஒருமுறை உள்ளங்காலைத் திருப்பிப் பார்த்துக்கொள்வார்கள். அவள் யாரையும் ஒரு வார்த்தை சொல்லமாட்டாள். ஆனால் அவர்கள் நடந்துபோன தடத்திலேயே ஈரத்துணியோடு பின்னால் போவாள். பால் பாக்கெட்டைக் கழுவிய பிறகுதான் பிரிப்பாள். சோப்பு டப்பாவைக் கழுவுவாள். அதில் வைப்பதற்கு முன் சோப்பையும் ஒருமுறை கழுவுவாள். பட்டு நெய்கிற வீட்டில் ஒரு சொட்டு எண்ணெய் பட்டால் ஒரு புடவையே போய்விடும் என்பதால் எல்லா வீடுகளிலும் கொஞ்சம் கவனமாகத்தான் இருப்பார்கள். கமலவேணி கவனத்தைத் தாண்டி எங்கேயோ போய்விட்டவள். அவள் புருஷன் சபாபதி, "எங்க வீட்ல கரப்பான்பூச்சிகூட காலக் கழுவிக்கினுதான் உள்ள வரும்" என்று தெருவில் சொல்லிச் சிரிப்பார். அதில் கேலி பாதி, பெருமை பாதி.

அப்படிப்பட்டவளுக்குப் பொங்கல் முடிந்த கையோடு கடைவாய்ப் பல்லில் வலி வந்தது. கிராம்பு வைத்துப் பார்த்தாள், உப்புத் தண்ணீர் கொப்பளித்துப் பார்த்தாள். கன்னம் வீங்கிய பிறகுதான் பஸ் ஸ்டாண்டுப் பக்கம் இருந்த பல் டாக்டரிடம் போனாள். கூட்டம் அதிகமாக இருந்தது. உட்கார்ந்த இடத்துக்கு எதிரே சுவரோரமாக ஒரு பெரிய மீன் தொட்டி. பச்சைச் செடிகளுக்கு நடுவே, புடவைத் தலைப்பைக் காற்றில் விட்டதுபோல நீளத் துடுப்புகளோடு நாலைந்து மீன்கள் அவசரமே இல்லாமல் போய்க்கொண்டும் வந்துகொண்டும் இருந்தன. கன்னத்தைக் கையில் தாங்கியபடி பார்க்க ஆரம்பித்தாள். பெயரைக் கூப்பிட்டது காதில் விழவில்லை. பக்கத்தில் இருந்தவர் தோளைத் தட்டிய பிறகுதான், இவ்வளவு நேரமும் பல் வலிக்கவே இல்லை என்பது அவளுக்கு உறைத்தது.

வீட்டுக்கு வந்ததும் மகள் காயத்ரியிடம் சொன்னாள். காயத்ரி ஸ்ரீபெரும்புதூரில் செல்போன் பாகங்கள் செய்யும் கம்பெனியில் வேலை பார்க்கிறாள். கம்பெனி பஸ்ஸில் போய் வருகிறவள்.

"எனக்கு ஒரு மீன் தொட்டி வேணும்."

காயத்ரி போனிலிருந்து நிமிர்ந்தாள். அம்மா தனக்கு என்று எதையும் கேட்டதே இல்லை. தீபாவளிக்குப் புடவை எடுக்கப் போனால்கூட, "இருக்கிறதே போதும்" என்பவள்.

தறிக்குழியிலிருந்து சபாபதியின் குரல் வந்தது. "மீனு குழம்புல இருந்தாத்தான் நமக்கு மரியாத."

"நீங்க தறியப் பாருங்க" என்றாள் கமலவேணி.

அடுத்த ஞாயிற்றுக்கிழமை தாயும் மகளும் கலைவாணன் கடைக்குப் போனார்கள். லவ் பேர்ட்ஸ் கூண்டுகளுக்கும் நாய்த் தீவன மூட்டைகளுக்கும் நடுவே கலைவாணன் மீன் விற்றுக்கொண்டிருந்தான். நல்ல பேச்சுக்காரன். கண்ணாடித் தொட்டி, காற்று மோட்டார், ஸ்பாஞ்ச் வைத்த ஃபில்டர், கலர் கற்கள், பிளாஸ்டிக் செடி என்று ஒவ்வொன்றாக எடுத்து அடுக்கினான்.

"மீன எப்போ விடலாம்பா?" என்று கேட்டாள் கமலவேணி.

"இன்னிக்கே விடுங்கக்கா. தண்ணிய ஊத்து, மோட்டாரப் போடு, மீன உடு. அவ்ளோதான் விஷயமே."

ஆரஞ்சு நிறத்தில் கோல்டு ஃபிஷ்ஷும், மையில் முக்கி எடுத்ததுபோல கறுப்பு மோலியும் கலந்து ஒரு கவர் நிறையப் பிடித்துக் கொடுத்தான். ஷேர் ஆட்டோவில் அந்தக் கவரை மடியில் வைத்து, குழந்தையின் தலையைத் தாங்குவதுபோல இரு கையாலும் தாங்கிக்கொண்டு வந்தாள்.

தொட்டியை எங்கே வைப்பது என்பதில் முதல் சண்டை. கமலவேணிக்குத் தறி இருக்கும் கூடத்திலேயே வேண்டும். அவர்கள் நெய்வது கோர்வைச் சேலை. உடலுக்கு ஒரு நிறம், கரைக்கு வேறு நிறம் என்பதால் ஊடு நூலைக் குறுக்கே கொண்டுபோகும் நாடாவை எறிய இரண்டு பேர் வேண்டும். சபாபதி குழியில் உட்கார்ந்து நெய்ய, கமலவேணி பக்கத்தில் உட்கார்ந்து கரைக்கு நாடா தள்ளுவாள். நாளின் பெரும்பகுதி அந்த மூலையில்தான் அவளுக்குக் கழியும். கண் நிமிர்ந்தால் மீன் தெரியவேண்டும் என்று ஆசை.

"பட்டு இருக்குற எடத்துல யாராவது தண்ணி வெப்பாங்களா?" என்றார் சபாபதி.

"பாவுக்கும் தொட்டிக்கும் எவ்ளோ தூரம் இருக்குது, பாருங்க."

அவள் பிடிவாதம் ஜெயித்தது. மறுநாள் காலை நெசவு நடந்துகொண்டிருக்கும்போதே சபாபதி மிதிப்பதை நிறுத்திவிட்டு, "ஏ கமலா, யாரு கால்ல தண்ணி ஊத்துறது?" என்றார். எட்டிப் பார்த்தால் குழிக்குள் கணுக்கால் அளவுக்குத் தண்ணீர். தொட்டியின் ஒரு மூலை ஒட்டு விட்டு, சுவரோரமாகவே ஓடிவந்து குழியில் இறங்கியிருந்தது. சபாபதி கத்திய கத்தலில் பக்கத்து வீட்டுத் தறிகள் நின்றன. நல்லவேளை, மேலே தறியில் விரித்திருந்த பாவு நூலில் ஒரு சொட்டும் படவில்லை. மீன்களை வாளியில் விட்டுவிட்டு, கூடத்தையும் குழியையும் துடைத்துக் காயவைக்கவே அன்றைய பொழுது போயிற்று.

கலைவாணன் ஆளை அனுப்பி ஒட்டிக் கொடுத்தான். தொட்டி பின்கட்டுக்குப் போயிற்று. சமையலறைக்கும் கொல்லைக்கும் நடுவே, துவைக்கிற கல் தெரிகிற இடம். கமலவேணிக்கு மனசு ஆறவில்லை. இருந்தாலும் தண்ணீர் ஊற்றி, மீனை விட்டு, விளக்கைப் போட்டபோது கற்கள் எல்லாம் மின்னின. பக்கத்து வீட்டுக்காரர்கள் வந்து பார்த்துவிட்டுப் போனார்கள்.

இரண்டொரு நாளில் தண்ணீர் அரிசி களைந்ததுபோல வெளுத்தது. கிட்டே போனால் ஒரு வாடை. கமலவேணி பொறுப்பாளா? மீனை வாளிக்கு மாற்றினாள். தொட்டியைக் கொல்லைக்குத் தூக்கிப் போய்த் தேங்காய் நாரால் தேய்த்தாள். கற்களைப் பாத்திரத்தில் போட்டு, கல் கலந்த அரிசியைக் களைவதுபோலக் களைந்தாள். ஸ்பாஞ்சைக் குழாயடியில் பிடித்து, தெளிந்த தண்ணீர் வரும்வரை பிழிந்து பிழிந்து கழுவினாள். புதுத் தண்ணீர் பிடித்து ஊற்றினாள். தொட்டி கடையில் இருந்ததைவிடப் பளபளத்தது.

மறுநாள் காலையில் இரண்டு மீன்கள் மல்லாந்து கிடந்தன.

கலைவாணனிடம் போனாள். "சாப்பாடு ஜாஸ்தி போட்டுட்டீங்கக்கா. அதான்" என்றான். குறைத்தாள். தண்ணீர் மறுபடியும் வெளுத்தது. மறுபடியும் எல்லாவற்றையும் இறக்கிக் கழுவினாள். மறுபடியும் ஒன்று செத்தது. திரும்பப் போனால், "கம்மியா போட்டுட்டீங்க போல, மீனு பட்டினில செத்திருக்கும்" என்றான். குளோரினை முறிக்க ஒரு சொட்டு மருந்து கொடுத்தான். செத்ததற்குப் பதிலாக வாங்கிப் போன புது மீன் அந்த வாரத்தைத் தாண்டவில்லை. அதற்கு, "ஒடம்புல வெள்ளப் புள்ளி வந்திருக்கும். இந்த நீல மருந்து உடுங்க" என்றான்.

"ஏம்பா, ஒவ்வொரு தடவையும் ஒவ்வொண்ணு சொல்ற. எதுதாம்பா நெஜம்?"

"மீனாச்சேக்கா. வாயத் தொறந்து சொல்லுமா?"

அந்த நீல மருந்து இன்னொரு வம்பைக் கொண்டுவந்தது. தொட்டியில் விடும்போது மூடி சரியாகத் திறக்காமல் விரலெல்லாம் வழிந்துவிட்டது. சோப்பு போட்டாள், எலுமிச்சை தேய்த்தாள், சாம்பல் வைத்துத் தேய்த்தாள். நகக்கண்ணில் ஏறிய நீலம் இறங்குவதாக இல்லை. அப்போது தறியில் இருந்தது சந்தன நிறச் சேலை. வழக்கம்போல அவள் உட்கார்ந்து நாடாவை எடுக்கக் கையை நீட்டியதும் சபாபதி பாய்ந்து மணிக்கட்டைப் பிடித்தார்.

"கையக் காட்டு!"

காட்டினாள்.

"எழுந்திரு."

"காஞ்சிடுச்சுங்க. ஒட்டாது."

"எழுந்திருன்னு சொல்றன் இல்ல?"

கல்யாணமாகி வந்த நாளிலிருந்து, அழுக்கு என்ற காரணத்துக்காக அவளை யாரும் எந்த இடத்திலிருந்தும் எழுப்பியதில்லை. பின்கட்டுக்குப் போய், துவைக்கிற கல்லில் உட்கார்ந்துகொண்டாள். கூடத்தில் தறிச் சத்தம் இல்லை. துணை இல்லாமல் கோர்வை நகராது. நீலத் தண்ணீருக்குள் மிச்சமிருந்த மீன்கள் என்ன ஆயின என்பதுகூடச் சரியாகத் தெரியவில்லை. 'ஒரு பிள்ளையை வளர்த்தேன். இத்தனை வருஷமாகத் தறி ஓட்டுகிறேன். இந்தக் கட்டைவிரல் அளவு பிராணியை உயிரோடு வைக்க எனக்குத் துப்பில்லையா?' என்று நினைக்க நினைக்க ஆத்திரம் ஆத்திரமாக வந்தது.

காயத்ரி ஷிஃப்ட் முடிந்து வந்ததும் போனில் வீடியோ போட்டுக் காட்டினாள். "அம்மா, மீனோட கழிவுல இருந்து அமோனியான்னு ஒரு விஷம் வருமாம். அதத் தின்றதுக்கு அந்த ஸ்பாஞ்சுல நல்ல பாக்டீரியா வளரணுமாம். அது வளர்ற வரைக்கும்..."

"பாக்டீரியால என்னடி நல்லது, கெட்டது? அழுக்குன்னா அழுக்குதான்."

"நீ முழுசாக் கேளேன்மா."

"நீ ஒரு நாள் கழுவிப் பாரு, அப்புறம் எனக்குச் சொல்லு!"

காயத்ரி போனை எடுத்துக்கொண்டு மாடிக்குப் போய்விட்டாள். அதன் பிறகு அவளாக மீன் பேச்சை எடுக்கவில்லை.

கடைசியில் மிஞ்சியது ஒரே ஒரு கோல்டு ஃபிஷ்ஷும் ஒரு கறுப்பு மோலியும்தான். கோல்டு ஃபிஷ் ஒரு பக்கமாகச் சாய்ந்து அடிக்கல்லில் கிடந்தது. செவுள் மட்டும் வேகவேகமாகத் திறந்து மூடியது. மோலி துடுப்பை உடம்போடு ஒட்டிக்கொண்டு, பிளாஸ்டிக் செடிக்குப் பின்னால் நின்ற இடத்திலேயே ஆடிக்கொண்டிருந்தது. ஜுரம் வந்தவர்கள் போர்வைக்குள் நடுங்குவார்களே, அதைப்போல.

சபாபதி பார்த்துவிட்டுச் சொன்னார்: "அதுங்களையாவது பொழைக்க உடு. கொண்டுபோய்க் கொளத்துல உட்டுட்டு வா."

அவர் கரிசனமாகத்தான் சொன்னார். அவளுக்கு அது சாட்டையடியாக விழுந்தது. இரண்டையும் தூக்குவாளியில் எடுத்துக்கொண்டு சர்வதீர்த்தக் குளத்துக்கு நடந்தாள். படியில் யாரோ பொரி போட்டுக்கொண்டிருந்தார்கள். கரும்பச்சைத் தண்ணீரைப் பிளந்துகொண்டு முழங்கை நீள மீன்கள் முண்டியடித்தன. பாசி, பூமாலை நார், எண்ணெய்ப் படலம்... இத்தனைக்கும் நடுவில் கொழுகொழுவென்று இருந்தன. கமலவேணி அந்தத் தண்ணீரைப் பார்த்தாள். வீட்டில் தான் தேய்த்துத் தேய்த்து வைத்த கண்ணாடியை நினைத்துக்கொண்டாள். 'இந்தச் சாக்கடையில இதுங்க இப்படி இருக்குது. நான் பன்னீர் மாதிரி வெச்சேன், அங்க செத்துச் செத்து விழுதுங்க' என்று வாய்விட்டே சொல்லிவிட்டாள். பொரி போட்டவர் திரும்பிப் பார்த்தார்.

தூக்குவாளியைச் சாய்க்கப் போனாள். நிழல் விழுந்ததும் பெரிய மீன்கள் வாயைப் பிளந்துகொண்டு படியோரம் வந்துவிட்டன. உள்ளே கிடந்ததோ நிமிர்ந்து நீந்தக்கூட முடியாதது. ஒரு வாய்க்குக் காணாது. சாய்த்த வாளியை நிமிர்த்திக்கொண்டு வந்த வழியே திரும்பினாள். சபாபதி கேட்டதற்கு, "உட மனசு வரல" என்று மட்டும் சொன்னாள்.

அந்த வாரத்திலேயே பல் டாக்டரிடம் மறுபடி போகவேண்டி வந்தது. வேரைச் சுத்தம் செய்த பல்லுக்கு கேப் போடச் சொல்லியிருந்தார்கள். அவள் தள்ளிப்போட்டுக்கொண்டே வந்திருந்தாள். மீன் கவலையில் ராத்திரி பல்லைக் கடித்துக் கடித்து வலி திரும்பிவிட்டது. அதே கூடம், அதே தொட்டி. அதே மீன்கள் அதே நிதானத்தோடு போய் வந்துகொண்டிருந்தன. அவளுக்கு இந்த முறை அதைப் பார்க்கப் பார்க்க எரிச்சல்தான் வந்தது.

டோக்கன் கொடுக்கும் பெண் கிரேஸ். டாக்டருக்கு உதவியும் அவள்தான், கூடத்தைக் கவனிப்பதும் அவள்தான். கமலவேணி நேரே மேஜைக்குப் போய்க் கேட்டாள்:

"ஏம்மா, இந்தத் தொட்டிய யாரு கழுவுறது?"

கிரேஸ் உள் அறையை ஒரு பார்வை பார்த்துவிட்டுக் குரலைத் தாழ்த்தினாள். "கழுவுறதே இல்லக்கா. டாக்டருகிட்டச் சொல்லிடாதீங்க."

"கழுவுறது இல்லையா?"

"வேலைக்கு வந்த புதுசுல நல்லாக் கழுவுனேன். எல்லாம் செத்துப்போச்சு. வேற வாங்கினாரு, அதுவும் செத்துச்சு. எனக்கு வெறுத்துப்போச்சுக்கா. போங்கடான்னு உட்டுட்டேன். வெளிக் கண்ணாடிய மட்டும் தொடைப்பேன். கொறையற தண்ணிக்கு, புடிச்சு வெச்சு ஆறுன தண்ணி ரெண்டு மக்கு ஊத்துவேன். அப்புறந்தான் நிலைச்சுதுங்க."

"அந்த ஸ்பாஞ்சு?"

"அத எடுத்துப் பாத்தீங்கன்னா வாந்தி எடுப்பீங்க."

கமலவேணி அங்கேயே நாற்காலியில் உட்கார்ந்துவிட்டாள். அப்படியானால் ஒவ்வொரு தடவையும் தான்தான் கொன்றோமா? தேய்த்த கையை மடியில் கவிழ்த்து வைத்துக்கொண்டாள். அழுகை வரும்போல இருந்தது. அதைவிட யாரையாவது நன்றாகத் திட்டவேண்டும்போல இருந்தது. கலைவாணனைத் திட்டலாம். காயத்ரி சொல்லவந்ததைக் கேட்கவிடாத தன் வாயை என்ன செய்வது?

அவள் முகம் போன போக்கைப் பார்த்துக் கிரேஸுக்குப் பாவமாக இருந்திருக்கவேண்டும். கேப் போட்டுக்கொண்டு வெளியே வரும்போது ஒரு காலி தண்ணீர் பாட்டிலோடு காத்திருந்தாள். தொட்டியிலிருந்து ஸ்பாஞ்சை எடுத்து, தொட்டித் தண்ணீர் சொட்டச் சொட்ட அப்படியே பாட்டிலுக்குள் பிழிந்தாள். காப்பி டிகாக்‌ஷனைவிடக் கெட்டியாக, பழுப்பாக இறங்கிற்று.

"இத உங்க தொட்டில ஊத்துங்கக்கா. எங்க சித்தப்பா பையனும் புதுத் தொட்டி வெச்சா இப்படித்தான் ஊத்துவான். அப்புறம் கொஞ்ச நாளைக்கு ஃபில்டரத் தொடவே கூடாது."

ஷேர் ஆட்டோவில் எதிரே இருந்த பெண் பாட்டிலைப் பார்த்து, "இன்னாது அக்கா, கஷாயமா?" என்று கேட்டாள்.

"ஆமா" என்றாள் கமலவேணி.

அந்தக் கசட்டைத் தன் வீட்டுத் தொட்டியில் ஊற்றியபோது முகத்தைத் திருப்பிக்கொண்டாள். பழுப்பு மேகமாகப் பரவி, மீன்களே தெரியாமல் போயின. சபாபதி வந்து எட்டிப் பார்த்தார். தொட்டியையும் பார்த்தார், பெண்டாட்டியையும் பார்த்தார்.

"ஒடம்பு ஏதாவது சரியில்லையா உனக்கு?"

"யாரும் கிட்ட வரக்கூடாது. நானும் வரமாட்டன்."

சும்மா இருப்பது எவ்வளவு கஷ்டம் என்று அதுவரை அவளுக்குத் தெரியாது. கசடு ஃபில்டரில் ஏறித் தண்ணீர் தெளிந்தது. கொஞ்ச நாளில் கண்ணாடியின் உட்புறம் பழுப்பாகப் பூத்தது. கற்களின் பளபளப்பு போயிற்று. பிளாஸ்டிக் செடியில் பாசி தாடிபோலத் தொங்கியது. ஒவ்வொரு தடவை கடக்கும்போதும் அவள் கை பரபரத்தது. அந்தப் பரபரப்பை வீட்டின் மீது காட்டினாள். ஃபேன் இறக்கைகளைத் துடைத்தாள். ஜன்னல் கம்பிகளை ஒவ்வொன்றாகப் புளி போட்டுத் தேய்த்தாள். தறிக் கால்களைத் துடைக்க வந்தபோது, "இதத் தேச்சே கரைச்சுடப் போற, போ அந்தாண்ட" என்று சபாபதி விரட்டினார்.

கோல்டு ஃபிஷ் சாகவும் இல்லை, எழுந்திருக்கவும் இல்லை. தினமும் விடிந்ததும் போய், செவுள் அசைகிறதா என்று பார்ப்பாள். ஒருநாள் கொஞ்சம் நிமிர்ந்ததுபோல இருக்கும். மறுநாள் பழையபடி கிடக்கும். "ஒண்ணு பொழை, இல்ல போய்ச் சேரு. ஏன் இப்படி உயிர வாங்குற?" என்று அதனிடமே எரிந்து விழுந்தாள்.

மாசி வெயிலில் ஒரு மத்தியானம் கரண்ட் போயிற்று. மோட்டார் நின்றது. சற்று நேரத்துக்கெல்லாம் இரண்டு மீன்களும் மேலே வந்து, தண்ணீர் மட்டத்தில் வாயை வைத்து 'ப்பா ப்பா' என்று காற்றை விழுங்கின. காயத்ரிக்கு போன் போட்டால், "தண்ணிய மொண்டு மொண்டு ஒசரத்துல இருந்து ஊத்தும்மா, காத்து கலக்கும்" என்றாள். கமலவேணி சொம்பை எடுத்துக்கொண்டாள். டீ ஆற்றுவதுபோல, மொண்டு தூக்கி ஊற்றினாள், மறுபடி மொண்டாள். கரண்ட் வருகிற வழியாக இல்லை. தோள் கடுத்தது. நிறுத்தினால் மீன்கள் மேலே வந்தன. புழுக்கத்தில் ரவிக்கை நனைந்து முதுகில் ஒட்டிக்கொண்டது. தறியை விட்டு எழுந்து வந்த சபாபதி கொஞ்ச நேரம் நின்று பார்த்தார். பிறகு அவள் கையிலிருந்து சொம்பை வாங்கிக்கொண்டார்.

"ஞாயித்துக்கெழமயில ஒரு கிலோ வாங்கித் தின்றவன், இதுக்குக் காத்து ஊத்திக்கினு இருக்கன்" என்று முணுமுணுத்தார். ஆனால் விளக்கு எரிகிறவரை அவர் நிறுத்தவில்லை.

பங்குனி பிறந்தபோது கோல்டு ஃபிஷ் நேராக நீந்த ஆரம்பித்திருந்தது. வாலை ஆட்டிக்கொண்டு கண்ணாடியோரம் வந்து தீனி கேட்டது. மோலி துடுப்பை விரித்தது, வயிறும் உப்பியது. மறுபடி ஏதோ நோய் என்று கமலவேணி கலங்கினாள். கலைவாணனிடம் போக அவளுக்கு மனசில்லை.

பங்குனி உத்திரத் திருவிழாவுக்கு ஆரணியிலிருந்து சபாபதியின் அக்கா துர்கா வந்தாள். அந்தக் குடும்பத்தில் கமலவேணியின் சுத்தத்துக்குப் பரம ரசிகை அவள்தான். தன் மருமகளை இடித்துக் காட்டவேண்டும் என்றால் இவளைத்தான் உதாரணம் சொல்வாள். பின்கட்டுக்கு வந்தவள் தொட்டியைப் பார்த்ததும் மூக்கைச் சுளித்தாள்.

"இன்னா கமலா இது, சாக்கடைய வீட்டுக்குள்ள வெச்சிருக்குற?"

"அது அப்படித்தான் இருக்கணும் அண்ணி."

"யாரு சொன்னா?"

"யாரு சொன்னா இன்னா, நீங்க அந்தப் பக்கம் போகாதீங்க."

துர்கா அதைப் பெரிதாக எடுத்துக்கொள்ளவில்லை. பாவம், கமலாவுக்கு வயசாகிறது, முன்புபோல முடியவில்லை என்று அவளாகவே முடிவு செய்துகொண்டாள். மறுநாள் காலை உற்சவம் பார்க்க எல்லோரும் கிளம்பியபோது முழங்கால் வலி என்று சொல்லி வீட்டில் தங்கிவிட்டாள்.

கமலவேணி சாமி பார்த்துவிட்டு, தலையில் பூவும் நெற்றியில் திருநீறுமாகத் திரும்பி வந்தாள். கொல்லையில் தண்ணீர்ச் சத்தம் கேட்டது. போய்ப் பார்த்தால் தொட்டியில் பாதித் தண்ணீர் இல்லை. துர்கா புடவையை இழுத்துச் செருகிக்கொண்டு, ஒரு வாளி நிறைய மொண்டு ஊற்றி வைத்துவிட்டு, குழாயடியில் குந்தியிருந்தாள். அவள் கையில் ஸ்பாஞ்ச். குழாயைத் திறக்கப் போனாள்.

"தொடாதீங்க!"

அந்தக் குரல் தன்னுடையதுதானா என்று கமலவேணிக்கே தெரியவில்லை. ஓடிப்போய் ஸ்பாஞ்சைப் பிடுங்கினாள். புதுப் புடவை முன்கொசுவம் முழுக்கப் பழுப்புத் தண்ணீர் வழிந்தது.

"சொன்னன் இல்ல? அந்தப் பக்கம் போகாதீங்கன்னு சொன்னன் இல்ல? எத்தினி செத்துப் போய் இதுங்க ரெண்டு மிஞ்சியிருக்குது தெரியுமா உங்களுக்கு? யாரு உங்களக் கழுவச் சொன்னாங்க?"

துர்காவின் முகம் சிவந்து, பிறகு வெளுத்தது. இத்தனை வருஷத்தில் தம்பி பெண்டாட்டி அவளை நிமிர்ந்து ஒரு சொல் சொன்னதில்லை. "உதவியாச்சேன்னு செஞ்சன். தப்புதாம்மா, தப்புதான்" என்று எழுந்தாள். "இந்தா, உன் அழுக்க நீயே வெச்சுக்கோ. இதையாவது கொட்டிட்டுப் போறன்" என்று வாளியைத் தூக்கிச் சாக்கடைப் பக்கம் சாய்க்கப் போனவள், அப்படியே நின்றாள்.

"ஐயே, கமலா."

"இன்னா?"

"இதுல இன்னாவோ ஓடுது."

கமலவேணி குனிந்தாள். பழுப்புத் தண்ணீருக்குள் கடுகு கடுகாக ஏதோ விட்டு விட்டுத் துள்ளியது. கையால் ஒன்றை அள்ளினாள். உள்ளங்கைத் தண்ணீரில், கண்ணும் வாலும் மட்டுமே உடம்பாக, ஒரு கறுப்புக் குஞ்சு. மோலியின் வயிறு உப்பியது நோயால் இல்லை. முட்டையிடாமல் குஞ்சாகவே போடும் ஜாதி அது; காலையில் எப்போதோ ஈன்றிருக்கிறது, குஞ்சுகள் பாசிக்குள் ஒளிந்திருக்கின்றன. துர்கா மக்கால் மொண்டபோது தண்ணீரோடு வாளிக்கு வந்திருக்கின்றன.

"கண்ணு இருக்குதுடி" என்றாள் துர்கா. கோபத்தை அவள் மறக்கவில்லை. ஆனால் வாளியைக் கீழே வைத்துவிட்டாள்.

இருவரும் டீ வடிகட்டியால் ஒவ்வொன்றாக வடித்தார்கள். வடித்ததைக் கமலவேணி தாயிடமே இருக்கட்டும் என்று தொட்டியில் விட்டாள். விட்டதும் கோல்டு ஃபிஷ் திரும்பியது. சாகக் கிடந்தபோது அவள் தினம் விடியலில் போய் மூச்சைப் பார்த்த அந்த மீன், அவள் சொம்பால் காற்று ஊற்றிக் காப்பாற்றிய அந்த மீன், வாயைத் திறந்து ஒரு குஞ்சை உறிஞ்சியது. அடுத்ததையும் உறிஞ்சியது. தாய் மோலியும் கூடச் சேர்ந்துகொண்டது.

"அடப் பாவி!" கமலவேணி முழங்கை வரை கையை விட்டுத் துழாவினாள். "உன்னப் பொழைக்க வெச்சதுக்கு இதுவா? துப்புடா, துப்பு!"

துர்காவுக்குச் சிரிப்பு வந்துவிட்டது. அதை அடக்க முந்தானையால் வாயைப் பொத்திக்கொண்டாள். கமலவேணிக்குச் சிரிப்பு வரவில்லை. ஈரக் கையோடு, கறைபட்ட புதுப் புடவையோடு, தொட்டிக்கு முன்னால் நின்று மூச்சு வாங்கினாள்.

வாளியில் இன்னும் எடுக்காமல் மிச்சமிருந்தவை பிழைத்தன. அவற்றைக் காயத்ரி வந்து ஒரு பெரிய ஹார்லிக்ஸ் பாட்டிலுக்கு மாற்றினாள். "அம்மா, குஞ்சத் தனியாத்தான் வெக்கணும். பெருசுங்க தின்னுடும்" என்றாள்.

"அத ஏன்டி எல்லாம் முடிஞ்சப்புறமே சொல்ற?"

"நான் எப்போ வாயத் தொறந்தாலும் நீதான..."

"சரி, சொல்லு" என்றாள் கமலவேணி. முதல் தடவையாக மகளுக்குப் பக்கத்தில் உட்கார்ந்து அந்த வீடியோவை முழுதாகப் பார்த்தாள். பாதி புரிந்தது.

துர்கா மறுநாள் கிளம்புவதாக இருந்தவள், குஞ்சுகள் தீனி எடுக்கின்றனவா என்று பார்க்க இன்னும் ஒரு நாள் தங்கினாள். கமலவேணி மன்னிப்புக் கேட்கவில்லை. துர்காவும் அந்தப் பேச்சை எடுக்கவில்லை. ஆனால் சாப்பிடும்போது தம்பியிடம்தான் மோர் கேட்டாள்.

இப்போது குஞ்சுகள் நக அளவுக்கு வளர்ந்திருக்கின்றன. கோல்டு ஃபிஷ் கொழுத்துவிட்டது. அதைப் பார்க்கும்போதெல்லாம் கமலவேணி ஏதாவது ஒன்று திட்டாமல் கடப்பதில்லை. ஆரணியிலிருந்து வாரம் தவறாமல் போன் வருகிறது.

"குஞ்சுங்க எப்படி இருக்குது?"

"இருக்குது அண்ணி."

"தனியாத்தான வெச்சிருக்குற?"

"தனியாத்தான்."

"ம்" என்று துர்கா போனை வைத்துவிடுகிறாள். கமலவேணி எப்படி இருக்கிறாள் என்று மட்டும் அவள் இன்னும் கேட்கவில்லை.